ஊர் என்ற ஊர்

மூன்று பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பழங்கால வரலாறு சொல்லிக்கொடுத்த வருடம் அது. மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. கணக்கை மூன்று பேருக்கும் மூன்று விதமாகத்தான் சொல்லித்தர முடியும். வரலாறு அப்படியில்லை, கதை ஒன்றுதான், அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். எடுத்துக்கொள்ளத்தான் செய்தார்கள். யார் எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் கரமனையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகை வீடு. என் கணவரின் குடும்பம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகிறது. நான் கல்யாணமாகி வந்தவள். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தார்கள். திறந்த பிறகு மூத்தவள் போகவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. யூனிஃபார்ம் போட்டுக்கொள்வாள், தலை பின்னிக்கொள்வாள், பிறகு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். ஒரு வருடம் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அக்கா இருந்தால் தம்பியும் இருந்தான். நான் வேலையை விட்டேன். அந்த ஒரு வருடம் நீண்டுகொண்டே போயிற்று.

கணவர் அப்போது ஈராக்கில், பாஸ்ரா பக்கம் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் முகாமில் கிரேன் மெக்கானிக். வருடத்துக்கு ஒரு லீவு. தினமும் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீடியோ காலில் வருவார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவோம்.

ஜூன் மழையோடு பாடம் தொடங்கியது. முதலில் இரண்டு ஆறுகள், அவற்றுக்கு நடுவே வண்டல் மண், அந்த மண்ணில் எழுந்த நகரங்கள். மகன் அட்லஸில் ஆற்றின் மேல் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வந்தான். இரண்டு ஆறுகளும் சேர்ந்து கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது.

"இது பாஸ்ரா அல்லே? அப்பா இருக்கற இடம்?"

எனக்கே அது உறைத்திருக்கவில்லை. பாஸ்ரா என்றால் எனக்கு டேப் ஒட்டிய அட்டைப் பெட்டி, விசா, போனில் சிக்னல் இல்லாத நாட்கள். சக்கரமும் எழுத்தும் பிறந்த சுமேரியா என்றால் வேறொரு இடம், தொலைவில், மஞ்சள் வெளிச்சத்தில். இரண்டும் ஒரே மண் என்று ஒன்பது வயதுக்காரனின் விரல் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் அந்த நகரங்களில் ஒன்றைப் பற்றி வாசித்தேன். செங்கல்லால் மலைபோலக் கட்டிய கோயிலும், உச்சிக்குப் போகும் நீண்ட படிகளும் உள்ள நகரம். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த சின்னவள் அந்த ஊருக்குப் பேர் என்ன என்று கேட்டாள்.

"ஊர்."

"ஊர்தான். அதோட பேரு?"

"பேரே ஊர்தான்."

மூத்தவள் அன்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. ஊருக்குப் போனேன், ஊரிலிருந்து வந்தேன் என்று தம்பியும் அக்காவும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாயில் உருண்டார்கள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதையோ பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் இஸ்திரி போடும் தென்காசிக்காரம்மா என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: "சார் வந்திருக்காவளாம்லா? பாப்பாட்ட அப்பா எங்கன்னு கேட்டேன், ஊர்லன்னு சொல்லிச்சு." நான் இல்லை என்றேன், அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து சின்னவளைக் கேட்டேன். அப்பா ஊரில்தான் இருக்கிறார், அந்தப் படிக்கட்டுக் கோயில் இருக்கிற ஊரில், என்று நிதானமாக விளக்கினாள். சக்கரத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்களோடு அப்பா வேலை செய்கிறாராம். அதனால்தான் லீவு கிடைப்பதில்லையாம்.

திருத்தியிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது, அவள் கண்களில் அப்படி ஒரு நிறைவு இருந்தது, நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

அன்றிரவு போனில் அவர் முகம் வந்ததும் அவள் முந்திக்கொண்டாள். "அப்பா, சக்கரம் கண்டுபிடிச்சாச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்கச் சக்கரத்துக்கு அடியில் படுத்து வேலை செய்துவிட்டு வந்த மனிதர், விரலிடுக்கில் கிரீஸ் போகாமலே உட்கார்ந்து, "இன்னும் இல்ல மோளே, எல்லாத்தையும் தள்ளிட்டுத்தான் போறோம்" என்றார்.

பிறகு தினமும் ஒரு கேள்வி. ராஜா எப்படி இருப்பார்? ஏசி ரூமை விட்டு வெளியே வரமாட்டார் என்று அவருடைய மேனேஜரை மனத்தில் வைத்துச் சொன்னார். சாப்பாடு? கோதுமைதான், ரொட்டிதான், அது அன்றும் இன்றும் உண்மை. மகனுக்கு விஷயம் தெரியும், அவனும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டான். மூத்தவள் சேரவில்லை. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் அவளைப் பற்றிக்கறீங்க." பற்றிக்கிறது என்றால் இங்கே மலையாளத்தில் ஏமாற்றுவது. வளர்ந்தால் அவளே தெரிந்துகொள்வாள் என்றேன். எப்போது என்று கேட்டாள். அவளுக்கு வரலாறு என்றால் நடந்தது, நடந்தபடி. அந்தக் கண்டிப்பு, வேலையில் ஒவ்வொரு நட்டையும் மறுபடி சரிபார்க்கும் அவள் அப்பாவிடமிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் அந்த மாதங்களை நினைத்தால் ஏமாற்றியதாகத் தோன்றுவதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்குப் பாடம். ஜன்னலுக்கு வெளியே பலா மரத்தின் இலைகளில் மழை, அதற்குப் பின்னால் ஆற்றின் சேற்று வாசனை. நான் வாசிப்பேன். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்கும். வாய்க்கால் வெட்டினார்கள், பார்லி விதைத்தார்கள், ஆறு பெருகி வந்து வீடுகளைக் கரைத்தது, கரைந்த வீட்டின் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள் என்று வாசிக்கும்போது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் கணவர் அந்த மண் சந்துகளில் நடந்து போவது எனக்குத் தெரியும். ஒரு வாசலில் குனிந்து உள்ளே போவார். உள்ளே யாரோ அவருக்கு ரொட்டி எடுத்து வைப்பார்கள். சின்னவளின் மூச்சு என் மடியில் சீராக ஏறி இறங்கும். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு களிமண்ணில் ஆப்பெழுத்து பதித்துக்கொண்டிருப்பான், ஐஸ் குச்சியைச் சரிவாகச் சீவி எழுத்தாணி செய்திருந்தான். நாங்கள் நாலு பேரும் அந்த அறையில் இல்லை, அல்லது அந்த அறை கரமனையில் இல்லை.

களிமண் பலகைகள் காயவே இல்லை. மெசபடோமியாவில் வெயிலில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்திருக்கும். திருவனந்தபுரத்து ஜூலையில் ஃப்ரிட்ஜ் மேலே ஒரு வாரம் வைத்தும் பச்சைப் பூசணம்தான் பூத்தது.

அந்தப் பலகைகளால்தான் சண்டை வந்தது. அப்பா இருக்கும் இடத்தில் காகிதம் கிடையாது, அதனால் பலகையை அனுப்ப வேண்டும் என்று சின்னவள் ஒருநாள் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். மூத்தவள் அந்தச் சுமேரிய ஊரில் தோண்டியெடுத்த பழைய ராஜ கல்லறைகளைப் பற்றித் தானாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கை பூசணம் பிடித்த பலகையை அவள் புத்தகத்தின் மேலேயே வைத்ததும் பொறுமை போய்விட்டது. மகன் என்னிடம் பிறகு அப்படியே சொன்னான், அக்கா கத்தக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாளாம்: "அந்த ஊர்ல இருந்தவங்க எல்லாரும் செத்துப் போயாச்சு. ஒருத்தர்கூட இல்ல. வெறும் மண்ணு."

நான் திரும்பி வந்தபோது சின்னவள் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு மேஜையடியில் உட்கார்ந்திருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அன்று அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அங்கே மணல் காற்று வீசினால் இப்படித்தான், முகாமே இருண்டுவிடும், சிக்னல் போய்விடும். எனக்குப் பழகிய விஷயம். சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா எப்ப செத்தாங்க?"

கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இல்லை, அப்பா நன்றாக இருக்கிறார், நேற்றுப் பேசினாரே என்று சொல்லிக்கொண்டே வீடு முழுக்க நடந்தேன். முந்தைய நாள் அவர் அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், தலையாட்டினாள், என் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று புரிந்தபோது போனை அணைத்தேன். நடு அறையின் கதவுக்குப் பின்னால் மூத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் திட்டவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அடுத்த நாளும் காற்று ஓயவில்லை. அதற்கு மறுநாள் அழைப்பு வந்தது. படம் நின்று நின்று வந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன, இமைமயிரிலும் மீசையிலும் புழுதி அப்பியிருந்தது. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்போலத்தான் இருந்தார். சின்னவள் போனை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வலிச்சுதா?"

நான் அவளுக்குப் பின்னாலிருந்து தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் போனைக் கட்டிலில் மல்லாத்தி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் எங்களுக்கு அவர் அறையின் மின்விசிறி மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். வலிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அப்பா உனக்கு அந்த ஊரைக் காட்டுகிறேன் என்றார்.

எப்படிக் காட்டுவார் என்று எனக்குத் தெரியவில்லை. முகாமை விட்டு வெளியே போக அவர்களுக்கு அனுமதி கிடையாது. வேலையிடத்துக்கும் முகாமுக்கும் காவல் வண்டியின் துணையோடுதான் போய்வர வேண்டும். மூன்று வருடமாக அந்த நாட்டில் இருந்தும் ஒரு கடைத்தெருவைக்கூட அவர் நடந்து பார்த்ததில்லை. அவரோடு வேலை செய்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்த நாட்டுக்காரர், நாசிரியாவில் வீடு, வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தைப் பார்க்கப் போவார். ஊரின் இடிபாடுகள் நாசிரியாவுக்குப் பக்கத்தில்தான். அவரிடம் இவர் கேட்டிருக்கிறார். மகளின் கேள்வியையும் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் போன் அடித்தது. அங்கே அப்போது ஆறரை, வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். திரையில் மூன்று கட்டம். ஒன்றில் நாங்கள். ஒன்றில் கணவர், கட்டிலில் சம்மணமிட்டு. மூன்றாவதில் அந்த எலக்ட்ரீஷியன், தாடிக்காரர், சிரித்த முகம். ஸலாம் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பினார்.

படிகள். நாங்கள் மாதக்கணக்கில் வாசித்த படிகள், நேராக மேலே போயின. வானம் வெளிறிக் கிடந்தது. மூன்று பிள்ளைகளும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அந்தப் படிகளில் ஒரு பையன் இரண்டிரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தான். கீழே ஆறு வயது இருக்கும் ஒரு பெண், ரோஸ் நிறச் செருப்பு போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தாள். அவருடைய பிள்ளைகள். வீட்டிலிருந்து அரை மணி நேரம், பெருநாளுக்கு நாங்கள் வரும் இடம் என்று அவர் ஆங்கிலமும் அரபியும் கலந்து சொன்னார்.

"அவங்க சாகலையா?" சின்னவள் என் காதில் கேட்டாள்.

இல்லை என்றேன். அந்தப் பெண் போனைப் பார்த்து வெட்கப்பட்டு அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு ஒரு காலில் நின்று செருப்பைக் கழற்றி உதறினாள். மணல் கொட்டியது.

"மண்ணு," என்றாள் சின்னவள்.

"மண்ணு," என்று அந்தப் பெண்ணும் திருப்பிச் சொன்னாள், அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது போல. இருவரும் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டார்கள்.

அதுவரை எட்ட நின்ற மூத்தவள் முன்னால் வந்து, இந்தப் படிகள் பழையவையா, பிற்காலத்தில் கட்டியவையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. படிகளெல்லாம் பிறகு பழுதுபார்த்தவை என்று சொல்லி, பக்கவாட்டில் இறங்கி ஒரு சுவரருகே போனைக் கொண்டுபோனார். இது பழையது, என்றார். செங்கற்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ வழிந்து இறுகியிருந்தது.

சின்னக் கட்டத்திலிருந்து என் கணவர் சத்தமாகச் சொன்னார்: "அது தாரு. பாரு, தாரு. நம்ம எண்ணெய்தான் அது. அப்பவே இங்க மண்ணுலருந்து ஊறி வந்திருக்கு, எடுத்துப் பூசியிருக்காங்க." அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடத்தை அவரும் எங்கள் கூடவே, போனில், முதல் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் அந்தக் கறுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பிறகு வெயில் ஏறிவிட்டது என்றார். பையனைக் கூப்பிட்டார். படம் ஆடி, வானத்தைக் காட்டி, அணைந்தது.

நாங்கள் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. வெளியே மீன்காரரின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மத்தியானம் மூத்தவள் என்னிடம் நீளமான சேலை ஒன்று கேட்டாள். சாயம் போன ஒரு பருத்திச் சேலையைக் கொடுத்தேன். அதை முன்னறையில் தொடங்கி நடு அறை வழியாகச் சமையலறை வாசல்வரை தரையில் விரித்து, சுருக்கம் நீவினாள். தங்கையின் கையைப் பிடித்து முன்னறை ஓரத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். இங்கேதான் அந்தச் செங்கல்லை வைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் இப்போது இல்லை, அது உண்மை என்றாள். பிறகு இருவரும் சேலையோரமாக மெல்ல நடந்து வந்தார்கள். சமையலறை வாசலில் உட்கார்ந்து, முந்தானையின் கடைசி நாலு விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"நாம இங்க. அப்பா இங்க. காலையில பாத்த கொச்சுப் பொண்ணு இங்க. எல்லாரும் இந்த நாலு விரலுக்குள்ளதான்."

சின்னவள் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து அந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தாள். "அப்பா என் பக்கத்துலயா?"

"தொட்டுட்டு இருக்காங்க."

அவள் அப்படியே கிடந்தாள். பிறகு நீண்டு கிடந்த சேலையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், நடுவில் இத்தனை இடத்தில் யார் இருந்தார்கள் என்று. மூத்தவள் என்னைப் பார்த்தாள். எனக்கு நினைவு தெரிந்தவரை அவள் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்த முதல் பார்வை அது.

நடுவில் இருந்தவர்களைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு அடுத்த வருடமும் போதவில்லை. சின்னவளின் பாடத்தை மூத்தவளே பார்த்துக்கொண்டாள், என்னைவிடக் கண்டிப்பாக, என்னைவிடப் பொறுமையாக. அதற்கடுத்த ஜூனில் அவள் பள்ளிக்குப் போகிறேன் என்று தானே சொன்னாள். முதல் நாள் பஸ் ஸ்டாப்வரை கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அவள் போவதற்கு முந்தைய டிசம்பரில் அவர் லீவில் வந்திருந்தார். மழை முடிந்து வெயில் இதமாக இருந்த மத்தியானங்கள். நான்காவது மாணவராகப் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டார். கையைத் தூக்காமல் கேள்வி கேட்டதற்குச் சின்னவளிடம் திட்டு வாங்கினார். அன்று சிந்து வெளி நகரங்கள். நான் வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சுவரில் சாய்ந்தார், சாய்ந்தவர் சரிந்தார், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனார். மகன் எழுப்பக் கை நீட்டினான். சின்னவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மூத்தவள் எழுந்து போய் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தி, அவர் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மொகஞ்சதாரோவின் சாக்கடைகளை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள் என்பதைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன்.